பூப்பெட்டியில் போன பால்

நர்சிங் ஹோம் வராந்தாவில் என் பெரியம்மா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. ஏழு விரல் மடங்கி, எட்டாவது விரலில் பங்குனி வந்து நின்றது. என் மாமியார் அந்த எட்டாவது விரலைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

“ஆவணியில தலைக்கு ஊத்துனா. புரட்டாசியிலதான தள்ளிப்போச்சு? ஆவணியச் சேக்கக் கூடாது மதினி. ஏழுதான்.”

ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உள்ளே என் மனைவிக்கு வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இரண்டு பெரிய மனுஷிகளும் ஒரு மாதத்துக்காக மல்லுக்கு நின்றார்கள். பல நாள் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் பழைய ஏடுகளிலேயே இந்த எட்டாம் மாதப் பயம் இருக்கிறது என்று சிரித்தார். ஆக, அருப்புக்கோட்டைக் கிழவிகளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. கணக்கு என்னவோ நேர்க்கணக்குதான். பிள்ளை வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு வரவு. ஏழைவிட எட்டு நல்லது. அன்றைக்கு அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது.

2016-ஆம் வருஷம் அது. ஊரில் முத்துமாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்து, கண்ணாடி வளையல் மூன்று டஜன் வாங்கி பீரோவில் வைத்திருந்தோம். இரண்டு நாளாகக் கால் வீக்கமாக இருக்கிறது என்று காட்டப்போன இடத்தில் பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. இனி ஒரு நாள் தள்ளினாலும் தாய்க்கு ஆபத்து என்றார்கள். பிள்ளையின் நுரையீரல் முதிர ஓர் ஊசி போட்டார்கள். அடுத்த ஊசிக்கு அவகாசம் இல்லை. முப்பது வாரம், 1,240 கிராம், பெண் பிள்ளை.

நான் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன். விசைத்தறிக்காரர்களுக்கு நூல் எடை போட்டுக் கொடுத்துக் கொடுத்து, கிராமும் கிலோவும் கைக்கே தெரியும். துணியில் சுற்றி என்னைத் தாண்டிக் கொண்டுபோனபோது கண்ணால் எடை போட்டேன். ஒரு கோன் நூலைவிடக் குறைவு.

மூச்சு இழுத்து இழுத்து விட்டது. உடனே மதுரைக்கு என்றார்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வறண்ட காட்டுக்கெல்லாம் பெரிய வைத்தியம் என்றால் மதுரைதான். 108 வண்டியில் டிரைவர் பக்கத்தில் நான். பின்னால் பிள்ளையும் ஆக்சிஜனும், வண்டியோடு வரும் தம்பியும். காரியாபட்டி தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். வேறு எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளையைப் பிழைக்க வைத்தவர்கள் அவர்கள். ஆனால் முதல் இரண்டு நாளைக்கு நான் பட்டதையும் சொல்லாமல் இருக்க முடியாது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று எழுதிய கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. விவரம் கேட்க மத்தியானம் அரை மணி நேரம். அந்த அரை மணியில் இருபது அப்பாக்கள் முண்டுவோம். நம் முறை வரும்போது கிடைப்பது ஒரு வாசகம்: “சீரியஸ்தான். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது.” அதோடு ஒரு தாளில் கையெழுத்து. மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரமும் செக்யூரிட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். உள்ளே கதவு திறந்து மூடும்போதெல்லாம் ‘டிங் டிங்’ என்று ஒரு சத்தம் வரும். எந்தப் பிள்ளைக்கு அடிக்கிறது, எதற்கு அடிக்கிறது என்று தெரியாது. தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆயிரம் தறி ஓடினாலும் தூங்குவேன். அந்த ‘டிங்’ என்னைத் தூங்கவிடவில்லை.

ஊரிலிருந்து போன் மேல் போன். “எல்லாம் சரியாப் போகும்.” “அம்மன் இருக்கா.” “மனசத் தளரவிடாத.” அன்பால் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு போனையும் வைத்த பிறகு முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தேன் என்பதும் உண்மை. ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், வேறு மாதிரி ஆறுதல் சொன்னார்: “பொம்பளப் பிள்ளதான. ரொம்பக் கடன்படாதப்பா.” அவர் வீட்டு வாசலை நான் இன்றைக்கும் மிதிப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை டியூட்டி மாறி ஒரு சிஸ்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முகத்தில் சிரிப்பே கிடையாது. கதவைத் திறந்து தாயின் பெயரைச் சொல்லி, “அப்பா யாரு?” என்று அதட்டினார். எழுந்து ஓடினேன். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“வெயிட் சொல்றேன், எழுதிக்கங்க. ஆயிரத்து நூத்தி அறுபது.”

“குறைஞ்சிருச்சே சிஸ்டர்.”

“குறையத்தான் செய்யும். பிறந்த மொத வாரத்துல பத்துல ஒரு பங்கு போகும். உடம்புல இருக்குற தண்ணி வத்துது. ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்துரும். அதுக்கப்புறம் நாளுக்குப் பதினஞ்சு இருபது கிராம் ஏறணும். ஏறலேன்னா நானே சொல்றேன். தினம் காலையில இந்த நேரத்துக்கு இங்க நில்லுங்க.”

சட்டைப்பையில் கடைக்கு நூல் வரவு எழுதும் நீளக் குறிப்பேடு இருந்தது. புதுப் பக்கம் புரட்டி எழுதினேன். முதல் நாள் 1,240. மூன்றாம் நாள் 1,160. எழுதி முடித்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது. அந்த சிஸ்டர் ‘சரியாகிவிடும்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எது எவ்வளவு இறங்கும், எப்போது நிற்கும், எப்போது ஏறும் என்று சொன்னார். என் பயத்துக்கு அன்றைக்குத்தான் ஓர் அளவு கிடைத்தது.

அங்கே என் மனைவி நிலைமை வேறு. பிரஷர் இறங்காமல் அருப்புக்கோட்டையிலேயே கிடந்தாள். பிள்ளையை அவள் பார்க்கவே இல்லை. சாயங்காலம் போய் நான் என்ன சொன்னாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அம்மாதான் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: “மாப்ள, பிள்ள செத்துப்போச்சு, எல்லாருமாச் சேந்து மறைக்கிறாகன்னு நெனைக்கிறா.”

மறுநாள் இதை அந்த சிஸ்டரிடம் சொன்னேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கொஞ்சம் யோசித்தவர், ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கேஸ் ஷீட்டில் மை தொட்டுப் பிள்ளையின் கால் பதிப்பார்கள் இல்லையா, அதே மையில் தனியாக ஒரு தடம். என் கட்டைவிரல் நீளம்கூட வரவில்லை. ஐந்து விரலும் ஐந்து கடுகு மாதிரி. ஓரத்தில் தேதியும் நேரமும் அவர் கையாலேயே எழுதியிருந்தார். பஸ்ஸில் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். மனைவி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தடத்தின் மேல் தன் சுண்டுவிரலை வைத்து அளந்தாள். அன்றைக்குத்தான் அழுதாள். அதற்குப் பிறகுதான் பாலும் வந்தது.

பால் என்றால் எவ்வளவு? சிஸ்டர் கேட்டது இரண்டு மில்லி. “ரெண்டு மில்லி போதும். கொண்டு வாங்க. சீம்பாலா இருந்தா அதுதான் அவளுக்கு மொத மருந்து.” மூடி போட்ட சின்னச் சீசாக்கள் கொடுத்து, கையால் எப்படிப் பீச்ச வேண்டும், என்னென்ன கழுவ வேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் இருந்தால் ஒரு நாள் தாங்கும். வெளியே நாலு மணி நேரம், எங்கள் பங்குனி வெயிலில் அதுவும் சந்தேகம். ஆக, இரண்டு மில்லியை ஐம்பது கிலோமீட்டர் ஐஸில் கொண்டுபோக வேண்டும்.

இங்கேதான் பூக்கடை அண்ணாச்சி வருகிறார். எங்கள் சுற்றுவட்டாரத்துக் கிணற்றுத் தோட்டங்களில் மல்லிகை உண்டு. விடியுமுன் மொட்டுப் பறித்து, வெயில் ஏறுமுன் கமிஷன் கடைக்கு வந்துவிடும். அண்ணாச்சியின் வேன் தினமும் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும். விமானத்தில் ஏற வேண்டிய பூவுக்கென்று தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வைத்திருப்பார். கடைக்கு எதிரே கடை என்பதால் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்து நடுவில் ஐஸ் பரப்பி, ஒரு குழி விட்டு, “இதுல வைங்க. எட்டரைக்கு வண்டி எடுப்பேன். தினம் வந்து ஏறிக்கங்க” என்றார். பிள்ளை பிழைக்குமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “மல்லியோடயா பாலை வைக்கிறீக? மல்லி பட்டா பால் வத்திப்போகும் மாப்ள” என்றார். பால் கட்டி வலிக்கும் பெண்களுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு, மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெறும் பாட்டி வைத்தியம் என்றும் தள்ள முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பரிசோதித்து 1988-இல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். பூ கட்டிய பெண்களுக்கும் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் பால் வற்றியிருக்கிறது. ஆனால் அது தாயின் மார்பில் கட்டும்போது. சீசாவுக்குள் இருக்கும் பாலைப் பூ என்ன செய்யும்? மாமியாரின் மனசுக்காக, சீசாவை ஈர மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன்.

முதல் சீசாவில் மூன்று மில்லி இருந்தது. கொஞ்சத்தைப் பஞ்சில் தொட்டுப் பிள்ளையின் வாய்க்குள் தடவிவிட்டு, மீதியைக் குழாய் வழியாக விட்டதாக சிஸ்டர் சொன்னார். பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைக்க முடியவில்லையே என்று மாமியாருக்கு ஒரு தீராக் குறை. நல்ல குணமுள்ள ஒருவர் கையால் சீனித் தண்ணீரை நாக்கில் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது கணக்கு. பஞ்சில் தொட்டுத் தடவியதைச் சொன்னதும் கிழவி கேட்ட கேள்வி: “யார் கையால?” சிஸ்டர் கையால் என்றேன். திருப்தியாகிவிட்டார். இன்றைக்கு என் மகள் வீட்டில் எல்லோரையும் அதட்டுகிற அதட்டலைப் பார்த்தால், சேனை பலித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் 1,110. ஆறாம் நாளும் அதே. ஏழாம் நாள் காலை சிஸ்டர் கதவைத் திறந்து, “ஆயிரத்து நூத்தி இருபது” என்றார். பத்து கிராம்! ஒரு கண்டு நூல் எடைகூட வராது. நான் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அந்த ஏழாம் நாளைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு அடுத்த பாயில் கமுதிப் பக்கத்துக் குடும்பம். பிள்ளையின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர்; நகக் கண்ணில் கரி போகவே போகாது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. என் பெட்டியிலிருந்து தினமும் பூ வாசம் வருவதைப் பார்த்து, முந்தின நாள் சாயங்காலம் அவள் அம்மா என்னிடம் கேட்டிருந்தார்: “தம்பி, நாளைக்கு வர்றப்ப கால் கிலோ மல்லி வாங்கிட்டு வாங்க.” பிள்ளைக்கு நேர்த்திக்கடன் போல என்று நினைத்து, அண்ணாச்சியிடம் சொல்லி நல்ல பூவாகக் கட்டி வாங்கி வந்தேன். சந்தோஷமாகக் கொண்டுபோய் நீட்டினேன். பத்து கிராம் ஏறிய சந்தோஷம் வேறு.

அவர்கள் பிள்ளை முந்தின நாளே போய்விட்டிருந்தது. அந்த அம்மா பூவை வாங்கி, பழைய துணி ஒன்றில் பரப்பி, மகளை மறைவாகக் கூட்டிப்போனார்.

எனக்குப் பேச வாய் வரவில்லை. அந்த அப்பா எதிரே டீக்கடையில் நின்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு டீ சொன்னேன். குடித்தோம். பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. பால் சுரக்கும் அந்தப் பெண்ணிடம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச ஆள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியும்: இல்லை. சட்டைப்பையில் அந்த இரட்டைக் கோடு போட்ட நோட்டு அன்றைக்குக் கனத்தது.

எட்டாம் நாள் என் மனைவி மதுரைக்கு வந்தாள். தையல் வலியோடு நடந்து வந்து, கை கழுவி, கவுன் போட்டு, முதல் முறையாக உள்ளே போனாள். போனவள் பிள்ளையைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். வெளியே வந்து சொன்னாள்: “நான்தான் கெடுத்தேன். லாரித் தண்ணிக்குக் குடம் தூக்காதேன்னு அம்மா சொல்லுச்சு. தூக்குனேன்.”

எங்கள் ஊர்ப் பெண்கள் குடம் தூக்காமல் இருக்க முடியுமா? திருச்சுழிப் பக்கம் குண்டாறு என்று பெயருக்கு ஓர் ஆறு. வருஷத்தில் பாதி மணல்தான். குறைமாசத்தில் பெற்ற ஒவ்வொரு தாயும் இப்படி ஒரு குடத்தை எங்கிருந்தாவது கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறாள் என்பதை அந்தக் கூடத்தில் பார்த்தேன். ஒருத்திக்குப் பப்பாளி. ஒருத்திக்கு மாடிப்படி. ஒருத்திக்கு மாமியாருடன் போட்ட சண்டை. டாக்டரம்மா என் மனைவியை உட்காரவைத்து, நஞ்சுக்கொடி பதிவதில் வரும் கோளாறால் வருகிற பிரஷர் இது, குடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று படம் போட்டுக் காட்டினார். ஒரே தடவையில் அவள் நம்பவில்லை. மூன்று நாளில் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் காதில் ஏறியது.

அதற்கும் மேலாக அவளை எழுப்பி உட்காரவைத்தது வேலை. இரண்டு மணிக்கு ஒரு தரம் பால் பீச்சும் வேலை. அடுத்து, பதினாறாம் நாள், ஆக்சிஜன் எடுத்த பிறகு, கங்காரு முறை. தாயின் வெற்று மார்பில், இரண்டு முலைக்கும் நடுவே, பிள்ளையைத் தவளை போலக் கால் மடக்கிப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணியால் கட்டிவிடுகிறார்கள். தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. வெளியே பங்குனி போய்ச் சித்திரை வெயில், தார் உருகுகிறது. உள்ளே பிள்ளைக்குக் குளிர் பட்டுவிடக் கூடாது என்று பாடுபடுகிறார்கள். தோலுக்கு அடியில் கொழுப்பே இல்லாத உடம்பு, எங்கள் ஊர் வெயிலிலும் குளிர்ந்துபோகுமாம்.

தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகரம் பொகோட்டாவில் 1978-இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. கண்ணாடிப் பெட்டிகள் பற்றவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டுத் தொற்றில் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாயின் மார்பையே பெட்டியாக்கினார். ஏழை ஆஸ்பத்திரியின் ஒப்பேற்றல் என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தி, 2021-இல் வெளியான ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. பிள்ளையின் நிலை தேறட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே தாயிடம் சேர்த்ததில் சாவு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைந்திருந்தது. அதற்குத் தாய் உள்ளேயே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு கட்டில் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் இதையே பரிந்துரையாக்கியது. நம் மத்திய அரசும் 2017-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: பெற்றோருக்குக் கை கழுவுவதிலிருந்து சொல்லிக்கொடுத்து, பிள்ளையின் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. நான் கதவுக்கு வெளியே கிடந்ததற்கு ஒரு வருஷம் கழித்து.

எனக்கும் ஒரு நாள் வாய்த்தது. மனைவிக்குக் காய்ச்சல். அதே சிரிக்காத சிஸ்டர் கதவைத் திறந்து, “சட்டையக் கழட்டிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. பவுடர், சென்ட் எதுவும் இருக்கக் கூடாது” என்றார். நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மேல்சட்டையில்லாமல் கூச்சத்தோடு போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் மார்பில் அவரவர் உலகம். நாற்காலியில் சாயச் சொல்லி, பிள்ளையை எடுத்து வைத்தார். ஓர் ஈரத் துணி மேலே விழுந்த மாதிரி இருந்தது. பிறகு அந்தத் துணிக்கு உள்ளே ஒரு துடிப்பு. என் நெஞ்சுத் துடிப்பைவிட இரண்டு மடங்கு வேகம். கொஞ்ச நேரத்தில் ‘டிங் டிங்’ அடித்தது. எனக்கு உயிர் போயிற்று. சிஸ்டர் சாவகாசமாக வந்து, பிள்ளையின் உள்ளங்காலை ஒரு சுண்டு சுண்டினார். “மூச்சு விட மறந்துருவாக. குறைமாசப் பிள்ளைக அப்படித்தான். ஞாபகப்படுத்தணும்.” அதற்கு மருந்தும் உண்டு; காபியில் இருக்கிற அதே காஃபின்தான். பதினைந்து நாளாகக் கதவுக்கு வெளியே என்னைத் தின்ற சத்தம் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை.

இதற்கிடையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பதினைந்தாம் நாள் 1,245. இருபத்து மூன்றாம் நாள் 1,400. குழாயை எடுத்துவிட்டுச் சங்கில் பால் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் அதே பாலாடைச் சங்கு. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கு அதைவிட நல்லது இல்லை என்று பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளும் பயன்படுத்துகின்றன. மாமியாருக்கு அன்றைக்கு வந்த கம்பீரம்! மதுரை நர்ஸ்களுக்கே சங்கு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனார். நல்லவேளை, அவர்கள் சிரித்தார்கள்.

முப்பது நாளுக்குள் கண் பார்க்க வேண்டும், குறைமாசப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய் தாறுமாறாக வளரலாம், விட்டால் பார்வை போகலாம் என்றார்கள். இடி மேல் இடி என்று நினைத்தேன். மதுரையிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1976-இல் அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளை. அந்த நினைப்பிலேயே பாதித் தைரியம் வந்தது. கண் நன்றாக இருந்தது. வேறு ஒன்றும் எழுத இல்லை.

நாற்பத்தோராம் நாள் 1,730. வீட்டுக்கு விட்டார்கள். நேராகத் திருச்சுழிக்குத்தான் போனோம். திருமேனிநாதர் கோயில் அம்மனுக்குத் துணைமாலையம்மை என்று பெயர். மாமியார் பிள்ளையை வண்டிக்குள் வைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி; கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்த கரும்புத் தொட்டில் அடுத்த வருஷம்தான். வீட்டில் மூன்று மாதம் ஃபேன் போடாமல், மார்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என் மனைவி வேர்த்துக் கிடந்தாள். பிள்ளை வந்துவிட்டது, இனி என்ன அழுகை என்று வந்தவர்கள் கேட்டார்கள். அவள் ராத்திரியில் எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தது ஏழெட்டு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்தவரை அழாதவள், பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் நொறுங்கினாள். அப்போது யாரைக் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசுகிறார்கள். இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பூக்கடை அண்ணாச்சியிடம் வேன் வாடகை பேசப் போனேன். “பூவுக்குத்தான் வாடகை. பாலுக்கு ஏது?” என்று விரட்டிவிட்டார்.

அந்த நீளக் குறிப்பேடு இன்னும் கடையில் இருக்கிறது. நாற்பது வரி. அதில் பாதி, அந்த சிஸ்டர் கதவைத் திறந்து சொன்னவை. ஒரு நாளும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், சிஸ்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் எடை போட்டதும், அந்த எண்ணை வெளியே நிற்கும் அப்பாவிடம் வந்து சொல்லிவிடுங்கள். குறைந்திருந்தாலும் சொல்லுங்கள்.